காயலாங்கடை இரும்பில் ஒரு மீன் கத்தி

நான் செய்த முதல் கத்தி வெங்காயத்தைக்கூட வெட்டவில்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு காயலாங்கடையில் கனமான பட்டை ஒன்று கண்ணில் பட்டது. கனமாக இருந்தால் நல்ல இரும்பு என்று நானே முடிவுகட்டி, எடை போட்டு வாங்கி வந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அரம் போட்டேன். வடிவம் வந்தது, பளபளப்பும் வந்தது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து எடுத்து அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். சோப்புக்கட்டியைச் சீவுகிற மாதிரி இரும்பு சுருண்டு வந்தது. பழைய கன்டெய்னரை உடைத்தபோது கிடைத்த சட்டம் அது என்று கடைக்காரர் பிறகு நிதானமாகச் சொன்னார். முன்னாலேயே கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்.

வடசென்னையில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் பெரம்பூர் ரயில் பட்டறைகள், எண்ணூர் லாரித் தொழிற்சாலை, மணலி ஆலைகள், மாதவரம் லாரி நிறுத்தம். இவற்றிலிருந்து கழிகிறதெல்லாம் ஏதாவது ஒரு காயலாங்கடையில்தான் வந்து விழுகிறது. ஆனால் அந்தக் குவியலில் கத்திக்கு ஆகிற இரும்பு கொஞ்சம்தான். அதைப் பொறுக்கத் தெரிந்துவிட்டால் மீதி வேலை கை பழகுவதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, உலைக்கு முன்னால் நடப்பதைப் பற்றியே இருக்கும்.

எதை எடுப்பது, எதை விடுவது

இரும்பில் கரி, அதாவது கார்பன், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கட்டடக் கம்பி, ஆங்கிள், சேனல், கன்டெய்னர் தகடு, கிரில் எல்லாம் கடைக்காரர் மொழியில் எம்.எஸ்., அதாவது மைல்டு ஸ்டீல். இவற்றில் கார்பன் கால் சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். என்ன காய்ச்சினாலும், எதில் தோய்த்தாலும் இறுகாது. வெட்டுமுனை நிற்க வேண்டுமானால் அரை சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

லாரிப் பட்டை, அதாவது சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டை, இந்த வேலைக்கு ரொம்பப் பழைய சிநேகிதன். நம் ஊர் அரிவாளில் பெரும்பாலானவை இதில் அடித்தவைதான். சாலையோரம் கூடாரம் போட்டு, குடும்பமாக அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிற வடநாட்டுக் கொல்லர்கள் கையிலும் இதுதான். ஈ.என். 45, எஸ்.யூ.பி. 9 என்று பல ரகம் உண்டு; எல்லாவற்றிலும் கார்பன் அரை சதவீதத்துக்கும் சற்று மேலே இருக்கும். எண்ணெயில் நன்றாக இறுகும், தவறைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பெரிய லாரிப் பட்டை விரல் கனம் வரும். அதைச் சமையல் கத்தியின் கனத்துக்குக் கொண்டுவர, புதிதாகத் தொடங்குபவரின் தோள் தாங்காது. குட்டி யானை மாதிரி சின்ன வண்டிகளின் பட்டையைக் கேளுங்கள். மூலக்கடை, மாதவரம் பக்கம் ஜி.என்.டி. சாலையில் பட்டை வேலை பார்க்கிற கடைகளில் விசாரித்தால் கழித்துப்போட்டது கிடைக்கும்.

அடுத்தது பழைய அரம். கார்பன் ஒரு சதவீதம் அல்லது அதற்கும் மேல் இருக்கும், வெட்டுமுனை பிரமாதமாக நிற்கும். மலிவு அரங்களில் சில மேல்தோல் மட்டும் இறுகியவை. உடைத்துப் பார்க்காமல் நம்ப முடியாது.

மூன்றாவதாக, பவர் ஹாக்ஸா பிளேடு. லேத் பட்டறைகளில் ராடு அறுக்கிற மெஷினில் போடுகிற அகலமான பிளேடு. பல் தேய்ந்ததும் மூலையில் எறிந்துவிடுவார்கள். முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீலாக இருக்கிற பிளேடு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பேரிங் வளையத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அருமையான ஸ்டீல்தான், ஆனால் அடிப்பதும் கஷ்டம், பதம் வைப்பதும், அதாவது காய்ச்சித் தோய்த்து இறுக்குவதும் கஷ்டம். காந்தம் ஒட்டாத எவர்சில்வர் ரகம் எதுவும் வேண்டாம். பளபளப்பில் மயங்கி எடுத்தால் என் முதல் கத்தி கதைதான். துத்தநாகம் பூசிய சாமான், குரோம் பூசிய சாமான் இரண்டையும் நெருப்பில் காட்டவே கூடாது. துத்தநாகப் புகை இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும். குரோம் புகை அதைவிட மோசம்.

ரயில்வே சாமானைத் தொடாதீர்கள். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கிற அந்தச் சுருள் கிளிப் நல்ல ஸ்பிரிங் ஸ்டீல் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, எப்படி வந்தது என்று கணக்குச் சொல்ல முடியாமல் அது உங்கள் கையில் இருந்தாலே குற்றம், சிறைவரை போகும். பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடைகல்லுக்கு, அதாவது இரும்பை வைத்து அடிக்கிற மேடைக்கு, தண்டவாளத் துண்டு தேடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். உடைந்த மெஷினின் தடித்த ஷாஃப்டுத் துண்டை நிமிர்த்தி மரக்கட்டையில் பதித்தால் அதுவே போதும்.

சட்டம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்கிற கத்தி ஆயுதச் சட்டத்தில் வராது. அப்படி இல்லாத கத்தி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதப் பட்டியலுக்குள் வந்துவிடும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு போலீஸ், கத்தி அரிவாள் செய்கிற பட்டறைகளிடம் வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னது. நம் ஏரியாவின் பெயர் எப்படி என்று நமக்கே தெரியும். ஆகவே முதல் கத்தி அடுப்பங்கரைக் கத்தியாக இருக்கட்டும், 5 அல்லது 6 அங்குலம். பையில் போட்டுக்கொண்டு நண்பர்களுக்குக் காட்டப் போகாதீர்கள்.

கடையிலேயே செய்யும் சோதனை

காயலாங்கடைக்கு நான் போகும்போது பையில் ஒரு சின்ன அரம், ஒரு காந்தம், ஒரு சாக்பீஸ் இருக்கும். துருவைச் சுரண்டிவிட்டு ஒரு மூலையில் அரத்தை இழுத்துப் பார்ப்பேன். எம்.எஸ்.ஸில் அரம் சுலபமாகக் கடித்து இறங்கும். பட்டையில் சற்று முரண்டு பிடிக்கும். பழைய அரத்தின் மீதோ ஹைஸ்பீடு பிளேடின் மீதோ கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

கடையில் கிரைண்டர் இருந்தால் தீப்பொறி பார்க்கலாம். எம்.எஸ். பொறி நீளக் கோடாக ஓடும், நுனியில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் வெடிக்கும். கார்பன் ஏற ஏறக் கோடு குட்டையாகி, தீபாவளிக் கம்பி மத்தாப்பு மாதிரி பூப்பூவாக வெடிக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் வேறு மாதிரி: மங்கிய சிவப்பில் சோம்பலாக நாலு கோடு, வெடிப்பே இருக்காது. முதல் தடவை பார்க்கும்போது எல்லாப் பொறியும் ஒன்றாகத்தான் தெரியும். வீட்டிலிருந்து ஓர் ஆணியும் உடைந்த அரத்துண்டும் கொண்டுபோய், அவற்றின் பொறியையும் பக்கத்திலேயே பார்த்து ஒப்பிடுங்கள்.

பட்டை வாங்கும்போது விரிசலைத் தேட வேண்டும். பட்டை கழிந்து வருவதே, பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்து களைத்துப்போனதால்தான். உடைந்த இடத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியும், தெரியாததுதான் ஆபத்து. ஒரு பழைய வித்தை இருக்கிறது. சுத்தமாகத் தேய்த்த பட்டையில் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்துத் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெதுவாக மேலே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகக் காட்டிக்கொடுக்கும். நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் நுனிச் சுருளிலும் எதையும் நம்ப வேண்டாம், அந்தப் பகுதிகளை வெட்டி எறியுங்கள்.

"இன்னாபா, பொண்ணு பாக்க வந்தா மாரி பாக்குற?" என்று ஒரு கடைக்கார அண்ணன் கேட்டார். மூன்று ஞாயிறு போன கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே நல்ல பட்டையைத் தனியாக எடுத்துவைக்கிறார்.

கடைசிச் சோதனை வீட்டில். வாங்கிய இரும்பில் விரல் நீளத் துண்டு ஒன்றை அறுத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, ஆறியதும் வைஸில் பிடித்து, மேலே துணியைப் போர்த்திச் சுத்தியலால் அடியுங்கள். வளைந்தால் அது எம்.எஸ்., கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பட்டென்று உடைந்து, உடைந்த முகம் மாவு மாதிரி மெல்லிய சாம்பல் நிறமாக இருந்தால் இரும்பும் நல்லது, நீங்கள் காய்ச்சிய சூடும் சரி. உடைந்த முகம் கல்சர்க்கரை மாதிரி மினுக்கினால் சூடு அதிகமாகிவிட்டது. அரைமணி நேர வேலை. காய்ச்சித் தோய்க்கப் போகிற எந்தக் கத்திக்கும் இதைச் செய்யாமல் அரத்தை எடுக்காதீர்கள்.

முதல் கத்திக்கு நெருப்பு வேண்டாம்

இது என் கட்சி. உலைதான் தொழிலின் அழகு என்று வாதாடுகிறவர்கள் உண்டு, வாதாடட்டும். புதியவருக்கு முதலில் பழக வேண்டியது சரிவு பிடிப்பதும், அதாவது அலகை வெட்டுமுனை நோக்கி மெல்லிசாகத் தேய்ப்பதும், சாணை பிடிப்பதும். ஹவுசிங் போர்டு மாடியில் உலை மூட்டவும் முடியாது.

பவர் ஹாக்ஸா பிளேடு ஏற்கெனவே இறுகியது. 500 டிகிரி வரை சூடேறினாலும் இளகாது. கிரைண்டரில் நீலம் பாய்ந்தால்கூடப் பெரிய கெடுதலில்லை. அதனால்தான் தோல் வேலைக்காரர்கள் இதைத் தேய்த்துக் கத்தியாக்கிக்கொள்கிறார்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: சில பிளேடுகளில் பல் மட்டுமே ஹைஸ்பீடு, உடம்பு சாதா ஸ்டீல். அரத்தை முதுகிலும் நடுவிலும் இழுத்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் வழுக்க வேண்டும்.

மார்க்கரால் வடிவம் வரைந்து, மெல்லிய கட்டிங் வீலால் வெட்டுங்கள். பல் இருக்கும் பக்கத்தை முழுக்கத் தேய்த்து நீக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் சரிவு. இந்த இடத்தில் அவசரம் கூடாது: ஒரு பக்கம் நான்கு இழுப்பு, மறுபக்கம் நான்கு இழுப்பு என்று மாற்றி மாற்றிப் போனால்தான் முனை நடுவில் நிற்கும். பிளேடு முனைகளில் ஏற்கெனவே ஓட்டை இருக்கும். அதில் ஒன்றைக் கைப்பிடி ஆணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாதாரண டிரில் பிட் இதில் இறங்காது. இந்த ஸ்டீல் வளையாது, சில்லாகத் தெறிக்கும். நெம்பவோ தட்டவோ கூடாது.

கிரைண்டர் பிடிக்கும்போது லுங்கி, தோளில் துண்டு, ஹவாய் செருப்பு மூன்றும் ஆகாது. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். வீலின் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறவரைப் பார்த்தால் அவரிடம் தொழில் கற்காதீர்கள்.

இரண்டாவது கத்தி: பட்டையும் உலையும்

உலைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஃபயர் பிரிக் நாலைந்து, அடியில் ஓட்டை போட்ட இரும்புக் குழாய், ஒரு சின்ன புளோயர், கொட்டாங்கச்சிக் கரி அல்லது இஸ்திரிக்காரர் வாங்குகிற அடுப்புக்கரி. சாதாச் செங்கல் வெடிக்கும். திறந்தவெளி வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் வேண்டும். இதற்கெல்லாம் இடமில்லையென்றால் ஒரு கொல்லுப் பட்டறைக்குப் போய், அடிக்கிற வேலையை மட்டும் கூலி கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் அடிப்பதை அருகில் நின்று பார்ப்பதே ஒரு பாடம்.

பட்டையை நீளவாக்கில் வெட்டி, ஆரஞ்சு நிறம் வரக் காய்ச்சி வளைவை நிமிர்த்துங்கள். ஆரஞ்சிலிருந்து மங்கிய சிவப்பு வரைதான் அடிக்கலாம். சிவப்பு மங்கிய பிறகும் ஆசைப்பட்டு அடித்தால் உள்ளே விரிசல் விழும். மறுபக்கம், வெள்ளையாகப் பழுத்து நட்சத்திரம் மாதிரி பொறி பறக்க ஆரம்பித்தால் இரும்பு எரிந்துவிட்டது என்று அர்த்தம், அந்தத் துண்டு போச்சு. முதுகு 3 மில்லிமீட்டர் கனம் வரும்வரை அடித்ததும், ஒருமுறை சிவக்கக் காய்ச்சி, சாம்பல் நிரம்பிய டின்னுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் இளகியிருக்கும், அரமும் டிரில்லும் இறங்கும். கைப்பிடி ஓட்டைகளைப் போட்டு, சரிவு பிடித்து, வெட்டுமுனையை மட்டும் 1 மில்லிமீட்டர் கனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போதே மெல்லிசாக்கினால் தோய்க்கும்போது அலை அலையாக நெளியும்.

இனிமேல்தான் பதம். சூரியன் இறங்கியபின் செய்யுங்கள்; மத்தியான வெளிச்சத்தில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். 770 டிகிரியை ஒட்டி இரும்பு காந்தத்தை விட்டுவிடும். முதலில் மூன்று தடவை, காந்தம் விட்டதற்குச் சற்று மேலே காய்ச்சி, காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். அடித்த அடியில் உள்ளே தாறுமாறாகிப் பருத்துப்போன இரும்பின் நுண்மணிகள் இதில் சீராகும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாவிக் குதித்தவர்களின் கத்திதான் பெரும்பாலும் கோணும்.

நான்காவது தடவை, காந்தம் விட்டபின் இன்னும் ஒரு நிறம் கூட, நுனியிலிருந்து பிடிவரை ஒரே நிறமாக வரும்படி காய்ச்சுங்கள். தோய்க்கக் கடலை எண்ணெய், மூன்று லிட்டராவது, உயரமான எவர்சில்வர் பாத்திரத்தில், மூடி கைக்கெட்டும் தூரத்தில். எண்ணெய் 50, 60 டிகிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பழுத்த இரும்புத் துண்டு ஒன்றைப் போட்டால் சூடாகிவிடும். குளிர்ந்த எண்ணெயைவிட அதுதான் வேகமாகச் சூட்டை உறிஞ்சும். வண்டியின் கழிவு எண்ணெய் இலவசம்தான், ஆனால் அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் வேண்டவே வேண்டாம். அரிவாளைத் தண்ணீரில் தோய்க்கிற பெரியவர்களைப் பார்த்து நானும் ஒரு பட்டைக் கத்தியைத் தண்ணீரில் இறக்கினேன். "டிங்" என்று ஒரு சத்தம்தான் கேட்டது. முதுகுவரை பிளந்துவிட்டது. அவர்களுக்கு எந்த நொடியில் வெளியே இழுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

நுனி கீழே இருக்க நேராக இறக்கி, வெட்டுகிற திசையிலேயே முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணிக்கொள்ளும். பத்துப் பதினைந்து விநாடி கழித்து வெளியே எடுத்துப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால், சூடு இருக்கும்போதே கையுறையோடு நிமிர்த்தக் கொஞ்ச நேரம் கிடைக்கும். முழுக்க ஆறியதும் அரத்தை இழுங்கள். வழுக்கினால் ஜெயம்.

அந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாமல் உடனே ஓவனில் வையுங்கள். 200 டிகிரி, ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். கேக் ஓவனின் திருகில் எழுதியிருக்கிற டிகிரியை நம்ப முடியாது, உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வைப்பதற்கு முன் அலகில் ஓர் இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்திருந்தால், அங்கே வெளிர் வைக்கோல் நிறம் படிந்திருக்கும். அதுதான் வேண்டிய பதம். பழுப்பு வந்தால் கொஞ்சம் இளகியது, நீலம் வந்தால் அது ஸ்பிரிங், கத்தியல்ல. மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டியதுதான்.

பதம் வைத்தபின் தேய்க்கும்போது, ஹைஸ்பீடு பிளேடுக்குச் சொன்ன சலுகை பட்டைக்குக் கிடையாது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். வெறும் விரலால் பிடிக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். உப்புத்தாள் 120இல் தொடங்கி 400 வரை போனால் அடுப்பங்கரைக்குப் போதும். பிறகு சாணைக்கல்லில் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்தால் இறங்க வேண்டும்.

கைப்பிடி

பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் கதவுச் சட்டத் தேக்கு நன்றாக இருக்கும். இரண்டு பலகை, பித்தளைக் கம்பி ஆணி, நடுவில் அரால்டைட். ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் கீறி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்தபின் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க கிளாம்பிலேயே இருக்கட்டும். ஆணி, உப்புத்தாள், வீல் எல்லாம் பாரிமுனையில் செம்புதாஸ் தெருவைச் சுற்றினால் கிடைக்கும்.

இது எவர்சில்வர் அல்ல, துருப்பிடிக்கும். கடற்காற்றில் ஒரே ராத்திரியில் செந்நிறம் ஏறிவிடும். கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிவையுங்கள். மாங்காயும் எலுமிச்சையும் வெட்டினால் அலகு கறுக்கும். அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம், அந்தக் கறுப்பு துருவைத் தள்ளிப்போடும்.

என் நான்காவது கத்தியைக் காசிமேட்டில் மீன் வெட்டுகிற ஓர் அக்காவிடம் கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கைப்பிடிக்கு வார்னிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி மினுக்கியிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"வெட்டு நல்லாத்தான் கீது தம்பி. கை ஈரமானா நழுவுது. யாரு இவ்ளோ பாலீஷ் போட சொன்னது?"

வார்னிஷைச் சுரண்டி எடுத்தேன். 120 உப்புத்தாளோடு நிறுத்தி, ஆளிவிதை எண்ணெய் மூன்று கை தேய்த்து, ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள் காயவிட்டேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட வேண்டும். டியூப் இப்போது இல்லை.